தகரக் கொட்டிலின் நிழல்

“பறைமேளம் அடிக்க வந்த ஆக்களுக்கு வேப்பமரத்தடியை விடுங்கோ” என்று அருளம்பலம் சொன்னதும், மரத்தடியில் இருந்த கினிப்பன்றிப் பெட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள். உள்ளே இருந்தவை ஒரு மூலைக்குச் சறுக்கி விழுந்து விசிலடித்தன. தூக்கியவர்களில் ஒருவன் பயந்து பிடியை விடப் பார்த்தான். எலி விசிலடிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“தகரக் கொட்டிலுக்கை கொண்டுபோய் வையுங்கோ. நல்ல நிழல்” என்றான் அருளம்பலம்.

விறாந்தையில் புருஷனின் தலைமாட்டில் இருந்த சிவக்கொழுந்துக்கு இரண்டும் கேட்டன, விசிலும் தம்பியின் குரலும். வெள்ளை வேட்டியால் மூடி, தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்த இராசநாயகத்துக்குக் கேட்கவில்லை. நேற்றென்றால் கேட்டிருக்கும். கேட்டு, படுக்கையில் கிடந்தபடியே ஒரு சத்தம் போட்டிருப்பார்.

அந்த வளவில் மனிதருக்கு அடுத்த மரியாதை அந்தப் பெட்டிக்குத்தான். சில நாட்களில் மனிதருக்கு முதல். இராசநாயகம் மலாயாவில் ரெயில்வேக் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து ஊருக்கு வந்தபோது, மற்ற மலாயாப் பென்சனியர்மாரைப் போலத் தேக்கு அலுமாரியும் கிராமபோனும் கொண்டுவருவார் என்று ஊர் பார்த்திருந்தது. அவர் கப்பலிலும் ரெயிலிலும் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தது ஒரு கூடை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பிள்ளைகள் விட்டுப்போன கினிப்பன்றிச் சோடி அதற்குள் இருந்தது. பன்றி என்றதும், சைவ வீட்டில் பன்றியோ என்று கேட்டார்கள். பிறகு ஊரார் தாங்களாகவே ‘மலாயா எலி’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். எலியென்றால் பிள்ளையாரின் வாகனம். அதில் யாருக்கும் மறுப்பில்லை.

இப்போது இருந்த மூன்றும் அந்தச் சோடியின் வம்சம். ஈப்போ, தைப்பிங், கம்பார் என்று தான் வேலை பார்த்த ஸ்டேசன்களின் பெயரை வைத்திருந்தார். வெள்ளையாய் இருந்தது ஈப்போ. மற்ற இரண்டையும் அவரைத் தவிர ஒருவராலும் பிரித்தறிய முடியாது.

அவற்றுக்கு வெயிலும் ஆகாது, குளிரும் ஆகாது. மார்கழி வாடை தொடங்கினால் பெட்டியின் வடக்குப் பக்கத்தைப் பலகையால் அடைத்து, உள்ளே வைக்கோல் திணித்து, மேலே தன்னுடைய மலாயாக் கோட்டைப் போர்த்திவிடுவார். அவர் ஒற்றைச் சால்வையோடு நடுங்கிக்கொண்டு திருவெம்பாவைக்குப் போனதை ஊர் பார்த்துச் சிரித்தது. மழைக்கு ஈரம் ஏறாமல் பெட்டியைச் செங்கல்லின்மேல் வைப்பார். பங்குனி பிறந்தால் கோட்டு பெட்டகத்துக்குள் போகும், நனைத்த சாக்கு வெளியே வரும். காலையில் வேப்பமரத்தடி. உச்சியில் மாட்டுக்கொட்டிலின் கிடுகு வேய்ந்த தாழ்வாரம். பின்னேரம் கிணற்றடி வாழைகளுக்குக் கிழக்கே. பகல் முழுவதும் பெட்டி நிழலுக்குப் பின்னாலும், அவர் பெட்டிக்குப் பின்னாலும் போய்க்கொண்டிருப்பார். தனக்கு வெயில் படுகிறதா என்று கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒருமுறை கூடக் கேட்காத மனிதர் என்பது சிவக்கொழுந்தின் மனக்குறை.

நெஞ்சில் நீர் கோத்து அவர் படுக்கையில் விழுந்தபின் அந்த வேலை அவள் தலையில் வந்தது. “இஞ்சேர், வெயில் திரும்பியிட்டுது” என்று உள்ளேயிருந்து குரல் வரும். யன்னல் கம்பிகளின் நிழலை வைத்துச் சொல்லிவிடுவார். “எலிக்குக் குடை பிடிக்கிற சீவியம்” என்று புறுபுறுத்துக்கொண்டு போய் இழுப்பாள். கடைசிக் கிழமைகளில் அவர் கூப்பிட முதலே இழுத்து வைக்கப் பழகிவிட்டாள். பெட்டியின் கால் மணலில் உராய்கிற சத்தம் கேட்டதும் அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொள்வார். அவர்களுக்குள் இருந்த கதைபேச்சு அவ்வளவுதான். அது குறைவென்றும் அவளுக்குப் படவில்லை.

விடியப்புறம் மூச்சு வாங்கத் தொடங்கியதும் மகள் செல்வநாயகி கரண்டியால் பால் பருக்கினாள். பால் கடைவாயால் வழிந்தது. சிவக்கொழுந்து அதைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மகள் குரலெடுத்து அழ, அவள் எழுந்து வெளியே போய் அறுகம்புல் பிடுங்கிப் போட்டு, பெட்டியை வேப்பமரத்தடிக்கு இழுத்து வைத்துவிட்டு வந்து தலைமாட்டில் இருந்தாள். ஒவ்வொரு நாளும் செய்வதுதான். அதற்குப் பிறகு அவள் எழும்பவில்லை.

அழுகை வரவில்லை. வராததற்கு வெட்கமும் வரவில்லை. சனம் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொன்னார்கள். அவள் தோளைக் கொடுத்தாள், பிறகு அடுத்தவளுக்குக் கொடுத்தாள். பக்கத்து வளவுத் தங்கமுத்து எந்தச் செத்தவீட்டிலும் முதற்குரல் எடுப்பவள். அவளுக்கு இது பொறுக்கவில்லை.

“அழு மச்சாள். அழாட்டில் நெஞ்சுக்கை கட்டிப்போடும்.”

“ஓம்” என்றாள் சிவக்கொழுந்து.

முற்றத்தில் பந்தல் போட்டார்கள். பச்சை ஓலை மணத்தது. சித்திரை மாதம். வானத்தில் மருந்துக்கும் ஒரு முகில் இல்லை. உச்சி நெருங்க நெருங்க மனிதரின் நிழல் அவரவர் காலடிக்குள் சுருங்கிக்கொண்டு வந்தது. அவள் இருந்த இடத்திலிருந்து விறாந்தை ஓரத்தால் தகரக் கொட்டிலின் கூரை தெரிந்தது. அதன் மேலே காற்று நெளிந்தது.

அந்தக் கொட்டில் அவளுக்குத் தெரியாததல்ல. சைக்கிள் நிறுத்துவதற்கு இராசநாயகம் கட்டியது. ஊரில் முதல் தகரம் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கட்டிய வருஷம் இதே சித்திரையில், நிழல்தானே என்று பெட்டியை ஒரு மத்தியானம் அதற்குள் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார். எழும்பிப் போய்ப் பார்த்தபோது கொண்டுவந்த சோடியில் ஒன்று கால்களை நீட்டிக் கிடந்தது. தாயின் சாவுத் தந்தி மலாயாவுக்கு வந்தபோது மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போன மனிதர், அன்றைக்குச் சோற்றுக்கு முன்னால் இருந்து அழுதார். “நிழல் காணாது, இஞ்சேர். காத்து வேணும்” என்றார். அதற்குப் பிறகு சைக்கிளைத் தவிர வேறொன்றும் அங்கே போனதில்லை.

“பிள்ளை” என்று சிவக்கொழுந்து மகளைத் தொட்டாள்.

“என்னம்மா?”

“பெட்டியைத் தகரக் கொட்டிலுக்கை வைச்சிட்டினம்.”

செல்வநாயகிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் தாயின் முகத்தையே பார்த்தாள்.

“அம்மா, ஐயா இஞ்சை கிடக்கிறார்.”

“ஓம். தெரியும்.”

மகள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். அது ஐயாவுக்காகவா, அம்மாவுக்கு மூளை பிசகிப் போயிற்று என்றா என்று சொல்ல முடியாது.

பிறகு அருளம்பலம் ஏதோ கேட்க வந்து குனிந்தான். தெல்லிப்பழையிலிருந்து செய்தி கேட்டதும் ஓடி வந்து, பந்தல், குருக்கள், விறகு என்று எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு நிற்பவன். நல்லவன்.

“அருளம், அது தகரமடா.”

“எது அக்கா?”

“பெட்டி வைச்ச கொட்டில்.”

“ஓம், அத்தான் போட்ட தகரம்தானே. ஒரு ஒழுக்கில்லை. நிழலிலைதான் வைச்சிருக்கு, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ.”

நல்ல கூரை என்றால் ஒழுகாத கூரை என்று நினைக்கிறவனுக்கு அதற்குமேல் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் போய்விட்டான். போய், தூணடியில் நின்ற செல்வநாயகியோடு தாழ்ந்த குரலில் கதைத்தான். செத்தவீட்டில் தாழ்ந்த குரல்தான் எல்லோருக்கும் கேட்கும்.

“அம்மாவை நான் என்னோடை கொழும்புக்குக் கொண்டுபோறன், மாமா.”

“கொழும்பிலை உன்ரை மாமியும் மச்சாள்மாரும் நிறைஞ்சு போய் இருக்கினம். அக்காவை எங்கை இருத்துவாய்? எங்கடை வீட்டிலை இருக்கட்டும். மேற்குப் பக்க அறையை ஒழிச்சு விடலாம்.”

“உந்த எலியளை என்ன செய்யிறது?”

“ஆரும் கேட்டால் குடுப்பம். கேளாட்டில் திறந்து விடுவம்.”

அவர்கள் அவளைக் கேட்கவில்லை. மனம் வெறும் பானையாய்க் கிடந்தது. அதற்குள் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இந்த உச்சி கடக்குமுன் பெட்டி அங்கிருந்து வெளியே வராவிட்டால் மூன்றும் சாகும். செத்தால் நாளை விடிய எழும்பிச் செய்ய அவளுக்கு ஒரு வேலை இல்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டில் எந்த அறையை ஒழித்து அவளை வைத்தாலும் ஒன்றுதான்.

எழும்பிப் போனால் முடிகிற காரியம். ஆனால் பிரேதம் வீட்டில் கிடக்கப் புருஷனின் தலைமாட்டை விட்டுப் பெண்சாதி எழும்புவதில்லை. அதுவும் எலி பார்க்க எழும்பினாள் என்றால் பேரப்பிள்ளைகளின் கலியாணத்திலும் கதைப்பார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலாது. அவள் இருந்தாள்.

பிரேதத்தைக் குளிப்பாட்டிப் பந்தலுக்குக் கொண்டு போனார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தலின் ஓரத்தில் பெண்களோடு இருத்தினார்கள். குருக்கள் கிரியை தொடங்கினார். சுண்ணம் இடித்தார்கள். வேப்பமரத்தடியில் பறை அதிர்ந்தது. மாட்டுக்கொட்டில் தாழ்வாரத்தில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் நிழல் தேடி வைத்திருந்த இடங்களையெல்லாம் அவருடைய சாவே எடுத்துக்கொண்டது என்று அவள் நினைத்தாள். நினைத்து, அதில் ஒன்றும் தோன்றாமல் இருந்தாள்.

பறை ஓய்கிற இடைவெளிகளில் காது கொடுத்தாள். முதலில் விசில் கேட்டது. அடுத்த இடைவெளியிலும் கேட்டது. பிறகு பறை ஓய்ந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றுக் கப்பி மட்டும் கிறீச்சிட்டது.

“வாய்க்கரிசி போட வாங்கோ” என்று ஆரோ கூப்பிட்டார்கள்.

தங்கமுத்து ஒரு பக்கமும் செல்வநாயகி ஒரு பக்கமும் கக்கத்தில் கைகொடுத்துச் சிவக்கொழுந்தை எழுப்பினார்கள். எழுப்பிவிட்டது அவர்கள்தான். நின்றதும் கால்கள் தாமாக மற்றப் பக்கம் திரும்பின. பந்தலை விட்டு இறங்கி, வெயிலில், வெறுங்காலோடு வீட்டைச் சுற்றி நடந்தாள். மயக்கம் வருகிறதாக்கும், வாந்தி எடுக்கப் போகிறாளாக்கும் என்று பெண்கள் பின்னால் வந்தார்கள். யாரும் மறிக்கவில்லை.

கொட்டில் கதவைத் திறந்தபோது அடுப்பு வாய்க்குக் குனிந்தாற்போல முகத்தில் அடித்தது. மூன்றும் பெட்டிக்குள் தட்டையாய்ப் பரந்து கிடந்தன. ஈப்போவின் வயிறு வேகமாய் ஏறி இறங்கியது. பக்கத்தில் இருந்ததற்கும் மூச்சு இருந்தது. மற்றதற்கு இல்லை. செத்தது தைப்பிங்கா கம்பாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான், அவர் இனிச் சொல்ல மாட்டார் என்பது அவளுக்கு முதன்முதல் உறைத்தது. அவள் பெட்டியின் காலைப் பிடித்து இழுத்தாள்.

“ஒருக்காப் பிடியுங்கோ” என்றாள்.

ஒருவரும் பிடிக்கவில்லை. செல்வநாயகி “அம்மா, அம்மா” என்று சொல்லிக்கொண்டு நின்றாள். சிவக்கொழுந்து தனியே இழுத்தாள். பெட்டியின் கால்கள் மணலில் இரண்டு கோடு கீறிக்கொண்டு வந்தன. வேப்பமரத்தடியில் பறை, மாட்டுக்கொட்டிலில் பாடை. மிச்சம் இருந்தது பந்தல். பச்சை ஓலைக் கூரை, நாலு பக்கமும் திறப்பு, கீழே தண்ணீர் தெளித்த நிலம். அவள் பெட்டியைப் பந்தலுக்குள் இழுத்துக்கொண்டு வந்து பிரேதத்தின் கால்மாட்டில் வைத்தாள்.

குருக்கள் நிறுத்தினார். பறையும் நின்றது.

“பிரேதத்துக்குப் பக்கத்திலையோ மச்சாள்?” என்றாள் தங்கமுத்து.

“இஞ்சைதான் காத்து வருது.”

பிரேதம் குளிப்பாட்டிய வாளியில் தண்ணீர் மிச்சம் இருந்தது. விரலை நனைத்து ஈப்போவின் காதுகளைத் தடவினாள். பாதங்களைத் தடவினாள். மற்றதையும் அப்படியே செய்தாள். சட்டென்று தண்ணீரை ஊற்றக்கூடாது, உள்ளே சூடு இருக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அதுவே கொன்றுவிடும் என்று அவர் படுக்கையிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தார். சேலைத் தலைப்பின் நுனியை நனைத்து ஈப்போவின் வாயோரம் ஒரு துளி விட்டாள். அது வழிந்தது. இன்னொரு துளி விட்டாள். ஈப்போ விழுங்கியது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய்க்கரிசித் தட்டத்தோடு நின்ற அருளம்பலத்துக்கு முகம் கறுத்துப் போயிருந்தது.

“அக்கா, நேரம் போகுது.”

“வாறன்.”

எழுந்து கை கழுவினாள். அரிசியை அள்ளி முறைப்படி மூன்று தரம் வாயில் போட்டாள். தாலியைக் கழற்றி அவர் நெஞ்சில் வைத்தாள். குறை சொல்ல ஒன்றும் வைக்கவில்லை. பாடை தூக்கும்போது பெண்கள் எல்லோரும் அலறிக்கொண்டு வாசல் படலை வரை ஓடினார்கள். அவள் நடந்து போனாள். படலைக்கு அப்பால் பெண்களுக்கு வழியில்லை. பறைச்சத்தம் ஒழுங்கையால் திரும்பி, தேய்ந்து, இல்லாமல் போகும்வரை நின்றாள்.

திரும்பி வந்து, கிணற்றடியில் மற்றவர்கள் முழுகிக்கொண்டிருக்க, செத்த கினிப்பன்றியை ஒரு வாழையிலையில் எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். மண்வெட்டியால் கொத்திப் புதைத்தாள். நிலம் இறுகிக் கிடந்தது. ஒருத்தரும் வந்து வேண்டாம் என்று சொல்லவில்லை, உதவிக்கும் வரவில்லை. சுடலைக்குப் போகாத கைக்கு இதாவது கிடைத்தது. மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டுப் போய்க் கடைசி ஆளாய் முழுகினாள்.

ஆண்கள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சனம் கலைந்துவிட்டது. அயலில் இருந்து வந்த சோற்றை மூடி வைத்துவிட்டுச் செல்வநாயகி உள்ளே படுத்திருந்தாள். சிவக்கொழுந்து ஈரத்தலையோடு, ஆளில்லாத பந்தலுக்குள், பெட்டிக்குப் பக்கத்தில் வெறுநிலத்தில் இருந்தாள். உள்ளே இரண்டும் எழும்பி நின்று அறுகம்புல் கொறித்தன.

அருளம்பலம் ஈர வேட்டியோடு வந்து நின்றான். காலையிலிருந்து கட்டளை போட்ட குரல் அடைத்துப் போயிருந்தது.

“நல்லா வெந்தது அக்கா. ஒரு குறையுமில்லை.”

அவள் தலையாட்டினாள்.

“எட்டாம் நாள் செலவு முடிய நீங்கள் எங்கடை வீட்டை வாறியள். மேற்குப் பக்க அறையை ஒழிக்கச் சொல்லி ஆளனுப்பினனான்.”

“பின்னேர வெயில் முழுக்க விழுமே அதிலை.”

அவன் அந்த அறையை நினைத்துப் பார்த்தான் போலும்.

“உதுகளை இடம் மாத்தேலாது, அருளம். நானும் வரேல்லை.”

“தனிய என்னெண்டு இருப்பியள்?”

எப்படி இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பந்தலின் மேற்கோரத்தால் வெயில் சரிந்து உள்ளே வந்து பெட்டியின் ஒரு காலைத் தொட்டது. வழக்கமான பின்னேர இடம் வாழையடி. அங்கே ஊர் முழுகிய தண்ணீர் சேறாய் நின்றது. சிவக்கொழுந்து கையூன்றி எழும்பிப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். உடம்பில் அதை இழுக்கப் பலமில்லை என்பது பிடித்த பிறகுதான் தெரிந்தது.

அருளம்பலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தான்.

“எங்கை அக்கா வைக்கிறது?”

அவள் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.